வரைபடத்தில் இல்லாத மறைப்பு

பாண்டீஸ்வரி போடியில் கட்டட வரைபடம் போடுகிறவர். அவருடைய அம்மா மொக்கம்மாள் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இன்றும் காய் எடுக்கிறார். சுற்றுலா வருகிறவர்களுக்காக அங்கே ஒரு பார்வைக் கோபுரம் கட்ட நினைத்த முதலாளி அழகுராஜா, வேலையைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தார். கூலிக்காரியின் மகள் போட்ட கோடு அந்த மலையில் எழும்பப்போவது அதுவே முதல் தடவை.

நில அளவைப் படத்தைப் பார்த்து, பாறை உச்சியில் நாற்பதடிக் கோபுரம் வரைந்தார். அதே பாறையின் சாம்பல் நிறக் கல். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. வாஸ்துக்காரரும் ஈசானிய மூலை என்று தலையாட்டினார். மலைக்கு ஏது மூலை என்று அவரை யாரும் கேட்கவில்லை.

கோபுர உயரத்திலிருந்து என்ன தெரியும் என்று பார்க்க, பாறையை ஒட்டிய மரத்தில் கன்னையன் ஏறினார். தோட்டத்து நிழல் மரங்களில் கிளை கழிப்பவர்.

"என்னண்ணே தெரியுது?"

"போடி தெரியுது. ரயிலுகூடத் தெரியுது." இந்தப் பக்கம் திரும்பினார். "உங்காத்தா குளிக்கிற மறப்பும் தெரியுது தாயி. நான் எறங்குறேன்."

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பெண்கள் குளிக்க நாலு பக்கமும் தகரம், மேலே வெறும் வானம். படத்தில் பங்களா இருந்தது, கோயில் இருந்தது, மோட்டார் அறைகூட இருந்தது. இது மட்டும் இல்லை. பதினெட்டு வருடம் அதற்குள் குளித்து வளர்ந்த பாண்டீஸ்வரிக்கும் ஞாபகம் வரவில்லை. படத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று படிப்பு அவரைப் பழக்கியிருந்தது.

"ஒரு கூரை போட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் அழகுராஜா.

"அது நாப்பது வருசத்துக்கு முந்தியே போட்டிருக்கணும் சார். அதையும் போடுங்க, கோபுரத்தையும் மாத்துங்க. எங்க வாசலு வேடிக்கைப் பொருளில்ல."

"வேற ஆளப் பாத்துக்கிடவா?"

"பாருங்க. எந்த ஆளு வந்தாலும் கன்னையண்ணன் ஏறித்தானே சொல்லணும், மறப்பு தெரியுதுன்னு."

புதுப் படத்தில் கோபுரம் பாறையின் மறுசரிவில், மரங்களுக்கு நடுவே, அவற்றின் உச்சியைத் தாண்டாமல் நின்றது. லயத்துப் பக்கம் முழுச் சுவர், பள்ளத்தாக்குப் பக்கம் திறப்பு. ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

"மரத்துக்குள்ள மறைஞ்சு நின்னா யாருக்கும்மா தெரியும்?"

"வர்றவுக பாக்க வேண்டியது மலையத்தானே சார்?"

இரண்டு வாரம் போனது. பிறகு ஜீப்பில் முதல் லோடு ஏறியது: கூரைத் தகடு.

"இனி மழையில நனையாமக் குளிக்கலாம்" என்று மொக்கம்மாள் சொல்ல, லயமே சிரித்தது. மறுசரிவில் பாண்டீஸ்வரி அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.