பாலு சித்தப்பாவின் ரெகே

மே மாத வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் வாடை எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு உடனே பாலு சித்தப்பாவின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். சரோஜினி நகரில் எங்கள் அரசுக் குடியிருப்பின் மொட்டைமாடியில், காலித் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அலுவலகச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் அவர் ‘ரெகே’ பாடுவார். எதிரொலிக்கு அதைவிட நல்ல கருவி டெல்லியிலேயே இல்லை என்பது அவர் கட்சி. “பையா, பானி ஆயா க்யா?” என்று, தண்ணீர் வந்ததா எனக் கேட்டு, கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி கத்துவாள். “நஹீ ஆயா,” வரவில்லை என்று தொட்டிக்குள்ளிருந்து தாளம் தப்பாமல் பதில் வரும்.

அவர் அப்பாவின் தம்பி, மத்திய அரசில் கிளார்க். கோப்பு கொடுக்கச் சாணக்யபுரிக்குப் போனவருக்கு ஒரு தூதரகத்தின் ஜமைக்கா டிரைவர் தன் நாட்டு இசையான ரெகே கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டார்; அன்றோடு மனிதர் எங்கள் கைவிட்டுப் போனார். கரண்டி, தகரடப்பா, ஏர்கூலரின் ‘கடகட’ எல்லாவற்றையும் இரண்டு டேப் ரிக்கார்டர்களில் மாற்றி மாற்றிப் பதிந்து பாட்டாக்குவார். பதிவு அழியாமலிருக்கக் கேசட்டின் முதுகில் உடைத்து வைத்திருக்கும் ஓட்டையில் ‘செல்லோ டேப்’ ஒட்டிவிட்டால் எந்தப் பழைய கேசட்டும் அவருக்குப் புதுக் கேசட்தான். “டேய், இது கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்டா. நோட்டீஸ் வந்தா நீயா பதில் எழுதுவே?” என்பார் அப்பா. ஆனால் கல்லூரிப் பையன்கள் தேடி வந்தார்கள். பின்னாளில் இந்த ஊர்க் கல்லூரி விழாக்களில் ரெகே வாசித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் மாடியில் கற்றவர்கள்.

அம்மா கல்யாணத்துக்கு முன் வானொலியில் ஒரே ஒருமுறை பாடியிருந்தாள். அதைப் பதிந்த ஒரே கேசட் பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கும். அப்பா-அம்மா திருமண நாளுக்குத் தன் பாட்டில் அவள் குரலைச் சேர்த்து அசத்தலாம் என்று, சொல்லாமல் அதை எடுத்துப் போனார் சித்தப்பா. ஒரு வரியை மட்டும் தன் கேசட்டுக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் மேஜைமேல் குவிந்திருந்தவற்றில் தவறுதலாக அம்மாவின் கேசட்டையே எடுத்து, பழக்கதோஷத்தில் ஓட்டையை ஒட்டி, கூலர் சத்தத்தைப் பதிந்துவிட்டார். அரைமணி நேரப் பாட்டு மொத்தமும் அழிந்தது.

“அண்ணி, ஒரு வரி மிச்சம் இருக்கு. ஒரே ஒரு தடவை கேளுங்க அண்ணி,” என்று கெஞ்சினார். அம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “சாதம் போட்டாச்சு, உங்க சித்தப்பாவைச் சாப்பிடச் சொல்லு,” என்று என்னிடம் சொன்னாள். அதன்பின் அவருக்கான பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. எனக்கு அவர்மீது கோபமே வரவில்லை. அதற்காக அம்மாவிடம் இன்றும் வெட்கப்படுகிறேன். மிஞ்சிய அந்த ஒரு வரியை வைத்து அவர் செய்த பாட்டுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. யாராவது போட்டால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அந்தக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கேசட்டைக் காட்டினால் என் மகன் அது என்னவென்று கேட்கிறான். போன குளிர்காலத்தில் சித்தப்பாவும் போனார். காரியத்தன்று, தலை நரைத்துப்போன அவருடைய ‘பையன்கள்’ நாலு பேர் வந்து, விவரம் தெரியாமல் அதே பாட்டைப் போட்டார்கள். நிறுத்த ஓடினேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாளம், கரண்டி, அவர் குரல் எல்லாம் ஓரிடத்தில் சட்டென்று நின்றன. அந்த இடத்தை முழுக்க அவளுக்கே விட்டிருந்தார். இருபது வயது அம்மா தனியாகப் பாடினாள்.

“சுருதி நல்லாத்தான்டி சேர்ந்திருக்கு,” என்றாள் அம்மா. பாட்டு முடிந்ததும், “அவன் கேட்கச் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்,” என்றாள்.