கோடு மேடம்

"என்னங்கடா, ரெண்டு நாளா தின்னுட்டு தின்னுட்டு தூங்கறீங்க, வேலை எப்ப செய்வீங்க?" என்று இன்கியுபேட்டர் கதவைத் திறந்ததும் மேடத்திடமிருந்து ஒரு வசவு. உள்ளே இருப்பவை, குடுவைகளில் இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதக்கும் செல்கள். அவற்றுக்குக் காது கிடையாது என்று பக்கத்து மேசைக்காரனான நான் பலமுறை எடுத்துச் சொல்லியாகிவிட்டது. "உங்களுக்கு மட்டும் இருக்கா?" என்பார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கோடு மேடம் என்று பெயர். மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா என்ற கிருமி ரத்தத்தில் இருந்தால், ஒரு காகிதப் பட்டையில் சிவப்புக் கோடு விழ வேண்டும். அந்தக் கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, இந்தச் செல்கள் சுரந்து தர வேண்டும். ஏழு வருடமாக இதே பாடு. சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்று, மணப்பெண் மேடை ஏறும் நேரத்தில், செல்களுக்குத் தீனி போட ஓடி வந்தவர். தங்கை இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. செல்களும்தான்.

கோடு வராமல் இல்லை. அதுதான் வம்பே. வயிற்றுப்போக்கு தரும் வேறொரு சாதாரணக் கிருமி, மேல்தோலில் புரூசெல்லாவுக்கு அச்சு அசல் உடன்பிறப்பு. அதைக் கண்டாலும் கோடு விழுந்துவிடும். பதினோரு எதிர்ப்பொருள்களை இந்த ஒரு குற்றத்துக்காகவே குப்பையில் போட்டார்.

எங்கள் இயக்குநர் பரந்த மனசுக்காரர். திறப்பு விழா நாடாவை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பவர். "கொஞ்சம் முன்னபின்ன ஒட்டினா என்ன மேடம்? ஒட்டுதுல்ல?" என்றார் ஒருநாள்.

"எல்லார்கிட்டயும் ஒட்டிக்கறதுக்கு ஆன்டிபாடி எதுக்கு சார்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

அந்த வருடமும் மேடத்துக்குப் பதவி உயர்வு வரவில்லை. காரணம் இன்றுவரை யாருக்கும் விளங்காத மர்மம்.

மேடத்தின் கணவர் மாட்டு டாக்டர். பசு கன்று ஈனச் சிரமப்பட்டால், முழங்கைவரை வெறுங்கையை உள்ளே விட்டு இழுப்பவர். கையுறை போட்டால் பிடி கிடைக்காது என்பது அவர் கட்சி. எந்தக் கிருமியைப் பிடிக்க மனைவி ஏழு வருடம் படாத பாடு பட்டாரோ, அது குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே இவர் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். என்ன பொருத்தம்!

நான்கு மாதமாக அவருக்குக் காய்ச்சல், நினைத்தபோது வந்தது, நினைத்தபோது போனது. முதுகு வலியில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. முதல் மருத்துவர் ஃப்ளூ என்றார். இரண்டாமவர் டைபாய்டு என்றார். மூன்றாமவர் வயசு என்றார். பழைய பரிசோதனை முறையோ, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பட்டும் படாமலும் பதில் சொன்னது. இன்ன நோய் என்று தெரியாமல் சரியான மருந்து இல்லை. தாமதித்தால் முதுகெலும்பையே அரித்துவிடும். மேடம் செல்களைத் திட்டுவதை நிறுத்தியது அப்போதுதான். எனக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டாவது எதிர்ப்பொருள் போன மாதம் தேறியது. வயிற்றுப்போக்குக் கிருமியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுநாளே கணவரை இழுத்து வந்தார்.

"என்னை வெச்சா ஆராய்ச்சி? எலி கிடைக்கலையா?"

"எலி சொன்ன பேச்சு கேக்கும். கையை நீட்டுங்க."

ரத்தம் எடுத்த இடத்தில் மேடமே பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பட்டையில் சொட்டு விடும் வேலை எனக்கு. சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று மூன்று பட்டைகள். கால் மணி நேரம் காத்திருந்தோம். மூன்றிலும் கோடு விழுந்தது. சிவப்பாக, அழகாக.

"வந்துடுச்சு போலிருக்கே. பாஸா, ஃபெயிலா?" என்றார் கணவர்.

"பாஸ்." என்றார் மேடம். "ஆறு வாரம் மாத்திரை. ஒரு வேளை தப்பினாலும் கொன்னுடுவேன்."

அதற்குள் விஷயம் எட்டி, இயக்குநர் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். "கோடு வந்துடுச்சாமே மேடம்! ஏழு வருஷ உழைப்பு!" என்று குலுக்குவதற்குக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மேடத்தின் இரண்டு கைகளும் கணவரின் முழங்கை மடிப்பில் இருந்தன. ரத்தம் நின்று வெகுநேரமாகியும், அந்தப் பஞ்சை அவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.