பன்னிரண்டாவது வெடி

குவாரியில் வருடக்கணக்காக வெடி வைத்தவனிடம், மனதை ஒரே இடத்தில் நிறுத்துவது எப்படி என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் இனிக்க இனிக்க எழுத வராது. நினைத்தாலே வயிறு எரிகிற விஷயம் இது.

1. வாய் எண்ணியது

எழுபதுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் நான் பிளாஸ்டர். துளைத்த குழிகளில் மருந்து திணித்து, திரி வைத்துக் கொளுத்துவது என் வேலை. அன்று பன்னிரண்டு குழி. திரிகளை அளவு மாற்றி மாற்றி நறுக்கியிருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். சத்தத்தை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது; அப்புறம் வெடிக்காத குழியைத் தேடி நானே வெடிக்க வைக்க வேண்டும்.

நான் குன்னம் பக்கத்து விவசாயக் குடும்பம். களத்தில் கம்பும் சோளமும் அளந்து பழகிய வாய். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று ராகமாகப் போகும். அடுத்த மரக்கால் விழும்வரை அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். வெடியையும் அப்படியே எண்ணினேன். தங்கையின் கல்யாணப் பேச்சு முறிந்திருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, "பதினொண்ணு, பதினொண்ணு, பன்னெண்டு" என்று முடித்துப் பச்சைக் கொடியை எடுத்தேன்.

மறைவுச் சுவரடியில் கல் தூக்கும் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கோவிந்தன் கடப்பாரை ஆள். நான் பச்சைக் கொடி காட்டியதும் முதல் ஆளாக இறங்கிக் கல்லைப் பெயர்ப்பது அவன்தான்.

"அண்ணே, பதினொண்ணுதான் வெடிச்சுது," என்றாள் அஞ்சலை.

"பன்னெண்டு. நான் எண்ணுனேன்."

"ஒங்க வாயி எண்ணுச்சுண்ணே. களத்துல அளக்கற மாதிரி அதுபாட்டுக்கு ஓடிருச்சு. கூலிக்கு மடியேந்தி நின்ன எங்களுக்கு அது தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டுக் களத்தையே சொல்கிறாள் என்று பட்டது. "ஒனக்கு என்னாடி தெரியும்? போயிக் கூடையப் பாரு!" என்று கத்தினேன்.

மேட்டிலிருந்து ஃபோர்மேன் குரல் கொடுத்தார். "என்னாய்யா அங்க பேச்சு? லாரி நாலு நிக்குது. எண்ணியாச்சா இல்லியா?"

"ஆச்சு சார்."

முறைப்படி நான் முதலில் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லாம் வெடித்த மாதிரிதான் இருந்தது. பன்னிரண்டு என்று முடிவு கட்டியவன் கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? மேலேறி வந்து கொடியைக் காட்டினேன். கோவிந்தன் கடப்பாரையோடு கிளம்பினான். அஞ்சலை அவன் கையைப் பிடித்தாள். "அண்ணந்தான் பாத்துட்டு வந்துட்டாருல்ல, விடு புள்ள," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாவது குத்தில் வெடித்தது. உயிர் பிழைத்தான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

2. கண்ணை மூடச் சொன்னவர்

விசாரணை நடந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கவனக்குறைவாம்! யாருடைய கவனம்? என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோவிந்தன் பெயர் இருந்தது. என் பிளாஸ்டர் சர்டிபிகேட் போய்விடும் என்று பயந்து நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அப்புறம் நிர்வாகத்துக்கு ஞானம் வந்தது. லாரியைக் காக்க வைப்பார்களா? மாட்டார்கள். திருச்சியிலிருந்து ஒரு யோகா வாத்தியாரைக் கூட்டி வந்தார்கள். இருபது பேரைத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்து, "கண்ணை மூடுங்க. மூச்சை எண்ணுங்க. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும்," என்றார் அவர். கண் போனவனுக்காக நடக்கும் வகுப்பில் கண்ணை மூடு என்கிறார். பக்கத்து ஆள் குறட்டை விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் எண்ணினேன். திடுக்கிட்டுப் பார்த்தால் பதினாலில் இருந்தேன்.

"சார், பத்துல நிறுத்தச் சொன்னீங்க. பதினாலுக்குப் போயிட்டேன்," என்றேன் வீம்பாக.

"போனது தெரிஞ்சுதுல்ல? அவ்வளவுதான். திரும்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க," என்றார் அவர் சாதாரணமாக.

அந்த ஆள் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். அதைக் கேட்டதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. மனசு போகத்தான் செய்யும். போனது தெரிந்தால், 'எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து, அப்புறம் வெடிக்காத குழியைத் தேடியிருந்தால் முடிந்திருக்கும். ஒரு பெண் சொல்லி நான் கேட்பதா என்ற திமிர் விடவில்லை.

3. காலால் கேட்பது

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பேன். வெடித்தால் அதிர்வு முதலில் பாதத்துக்கு வரும், சத்தம் பிறகுதான் காதுக்கு வரும். இரண்டும் வந்தால்தான் ஒன்று. வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். இடது கையில் குழிக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கல் வலது கைக்குப் போகும். நடுவில் வீட்டு நினைப்பு வந்தால் அதோடு சண்டை போட மாட்டேன். பாதத்துக்குத் திரும்பி வருவேன். ஒரு வெடி தவறியதோ என்று சந்தேகம் வந்தால் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஃபோர்மேன் அப்பனையும் ஆத்தாளையும் இழுத்துத் திட்டுவார். திட்டட்டும். "நீங்க வேணா மொதல்ல எறங்குங்க சார்," என்பேன். அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை.

புருஷனுக்குப் பதிலாகக் கடப்பாரையை அஞ்சலை எடுத்தாள். எத்தனையோ வருடம் என் கொடியைப் பார்த்துத்தான் இறங்கினாள். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் வேலையை விட்டு நின்ற அன்று அவள் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கு எப்படிம்மா சரியா எண்ணுன? யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"எண்ண யாரு சொல்லித் தரணும்? எம் புருசன் எறங்கப்போறாருன்னு ஒவ்வொரு வெடியாக் காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒங்க வூட்டு ஆளு யாரும் எறங்கலையே."

பிள்ளைகளா, கொடி பிடிக்கும்போது அவள் சொன்னது உங்கள் காதில் விழட்டும்.