முழுக்கைச் சட்டைக்குள் ஒரு பட்டை

என் கடைச் சுவரில் சாய்ந்திருக்கும் இரண்டு துடுப்புகளையும் நேற்றுவரை சேர்த்துக் கட்டியிருந்தது, மணிக்கட்டு வலிக்குப் போடுகிற கறுப்புப் பட்டை ஒன்று. அதைப் பார்க்கிற போதெல்லாம் சம்பந்தி ஞாபகம் வந்து சிரித்துவிடுவேன்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை, இருவர் உட்காரும் கயாக் படகு ஒன்றை அரும்பாவூரில் தன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் பெங்களூரு வேலைக்குத் திரும்பினார். இரண்டு அப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் சுற்றிவர வேண்டும் என்பது உத்தரவு. பெரம்பலூரில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான் முதல் பஸ்ஸில் போய்விடுவேன். முன்னால் நான், பின்னால் அவர். பெண்ணைக் கொடுத்தவன் சோம்பேறி என்று பேராகிவிடக் கூடாதே என்று நான் இழு இழு என்று இழுப்பேன். சம்பந்தி உழைக்கும்போது தான் சும்மா இருப்பதா என்று அவர் அதற்கு மேல் இழுப்பார்.

திங்கட்கிழமை மணிக்கட்டு வலியில் ஸ்க்ரூ டிரைவர் திருக முடியாது. "படகா, கடையா? ஒண்ணச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. படகை விட்டால் அவர் பேச்சையும் விட வேண்டுமே. மேகம் கூடிக் கலைந்தால் "வானம் லீவு போட்டுடுச்சுங்க" என்பார். அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன். ஆகவே பட்டையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வலி பொறுக்காமல் ஒருநாள் டவுனில் பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். பெஞ்சில் முழுக்கைச் சட்டையோடு சம்பந்தி.

"என்னங்க சம்பந்தி, இங்க?"

"சும்மா, தெரிஞ்சவங்களப் பாக்க வந்தேன். நீங்க?"

"நானும் சும்மாதான்."

இரண்டு பேர் மேலும் தைல வாசம். "மணிக்கட்டு வலி யாரு, வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இருவரும் எழுந்து நின்றோம்.

டாக்டரம்மா ஒட்டடைக் கம்பைக் கொடுத்துத் துடுப்பு போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "யாரு கழுத்த நெரிக்கிறீங்க?" என்றார். விரல்களை வளையம் மாதிரி லேசாகச் சுற்றினால் போதும். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க வேண்டும். கையால் இழுக்காமல் இடுப்போடு உடம்பைத் திருப்ப வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"மத்ததெல்லாம் செஞ்சுடலாம்மா. இவரு நிறுத்தாம நான் எப்படி நிறுத்துறது?" என்றார் சம்பந்தி.

அடுத்த ஞாயிறு இருவரும் அரைக்கைச் சட்டை. நடு ஏரியில், "வலிக்குதுங்க" என்றேன். "அப்பாடா" என்று துடுப்பை மடியில் வைத்தார். படகு தன்பாட்டுக்கு மிதந்தது. அன்றைக்குத்தான் அவர் பேச்சை முழுசாகக் கேட்டேன். சில வாரங்களில் வலியும் குறைந்துவிட்டது.

இப்போது அவர் எங்கள் பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூருவில் இருக்கிறார். துடுப்புகளை, வேண்டாமல் போன என் பட்டையால் சேர்த்துக் கட்டி, என் கடையில் விட்டுப்போனார். நேற்று போன் செய்தார்.

"கை எப்படிங்க இருக்கு?"

"தேவலாம். உங்களுது?"

"பயலத் தூக்கித் தூக்கிப் பழையபடி பட்டை போட்டிருக்கேன். வூட்டுல சொல்லிடாதீங்க."

"முழுக்கைச் சட்டையா?"

"பின்ன? பொங்கலுக்கு வரேன். துடுப்ப அவுத்து வைங்க."

அப்போதே அவிழ்த்துவிட்டேன். பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கிறது.