காப்புக் கயிறோடு எல்லை தாண்டினேன்

எல்லையம்மனை நம்பும் சொந்தங்களே, போன ஆடி மாதம் என்னைப் போல நொந்துபோனவன் ஆரணி ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் இருந்திருக்க மாட்டான்.

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கல்லூரியில் நான் கால்பந்துக்கு உதவி கோச். பெயர்தான் கோச். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்து மூட்டை சுமப்பது, பசங்களின் வீக்கத்துக்கு ஐஸ் வைப்பது எல்லாம் என் வேலை. ஜெயித்தால் பெரிய கோச்சுக்கு மாலை, தோற்றால் எனக்குத் திட்டு. பசங்கள் எதிரிலேயே அவர் என்னைப் பந்து பொறுக்குகிறவன் என்பார். ஒவ்வொரு வருஷமும் வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்பார்கள் நிர்வாகத்தில். செய்ய மாட்டார்கள். இந்த முறையாவது நடக்க வேண்டும் என்றுதான் அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் வழக்கம் கறாரானது. காப்புக் கயிறு கையில் ஏறிவிட்டால், தீ மிதித்து முடிக்கும்வரை எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினவன் குடும்பத்துக்கே கோயிலில் இடம் கிடையாது. நான் வேண்டிக்கொண்டபோது, காப்புக் கட்டும் முன்பே இறுதிப் போட்டி முடிந்துவிடும் என்று இருந்தது. மழையில் மைதானம் குளமாகி, ஆட்டத்தைத் தள்ளிவைத்து, கடைசியில் தீமிதி நாளன்றே வைத்துவிட்டார்கள். வர முடியாது என்று சொன்னதும் பெரிய கோச் சிரித்தார். "நீ வந்து இன்னா கிழிக்கப் போற? போய் சாமி ஆடு" என்றார்.

எங்கள் கோல்கீப்பர் தேசிங்கு, பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலை இழுத்துப் பழகிய கை, பந்து போனால் ஒட்டிக்கொள்ளும். அப்பா இல்லை. அம்மா பொன்னேரி மார்க்கெட்டில் எறாவும் மீனும் விற்றுப் படிக்க வைத்தாள். கல்லூரியில் அவன் மனம்விட்டுப் பேசியது என்னிடம் மட்டும்தான்.

தீமிதி நாளன்று நான் கோயிலில் இருந்தபோது, ஆட்டத்தின் இடைவேளையில் அவனிடமிருந்து போன் வந்தது. நாக்கு குழறியது.

"சார், மண்டைல ஒருத்தன் முட்டி இடிச்சிடுச்சு. பந்து ரெண்டு ரெண்டா தெரியுது. வாந்தி எடுத்துக்கினு கீறேன். பெரிய சார் தண்ணி ஊத்தி, போய் நில்லுன்றாரு."

பெரிய கோச்சுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பசங்களும் எடுக்கவில்லை. தீக்குழியில் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. கோயில் தர்மகர்த்தா என் சித்தப்பாதான். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அது யாரு ஊட்டுப் புள்ளையோ. காப்போட தாண்டுனா ஆத்தா உட மாட்டா. நாங்களும் உட மாட்டோம்" என்றார்.

என் மனைவி வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை. மஞ்சள் துணியும் காப்புமாக எல்லைக் கல்லைத் தாண்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தேசிங்கு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேரே மைதானத்துக்குள் நடந்தேன். விசில் ஊதினார்கள். பெரிய கோச் ஓடிவந்து அத்தனை பேர் எதிரில் என்னை அறைந்தார். அவனை வெளியே கொண்டுபோனால் வேலையை மறந்துவிடு என்றார். கொண்டுபோனேன். மாற்று கீப்பர் இல்லாத அணி தோற்றது. என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சரக்கு ஆட்டோவில் படுக்கவைத்துப் போகும் வழியிலேயே அவனுக்கு நினைவு தப்பியது.

நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரியில், மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆபரேஷன் அறை வாசலில் தரையில் விழுந்து கதறினேன்.

"ஆத்தா, உன் கயித்தோட எல்லை தாண்டிட்டேன். என்கிட்ட இருந்து எது வோணும்னாலும் எடுத்துக்கோ. அவன உட்டுடு."

ஆத்தா காது கொடுத்துக் கேட்டாள். தேசிங்கு கண் திறந்தான். இன்னும் கொஞ்ச நேரம் மைதானத்தில் நின்றிருந்தால் பிணத்தைத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று டாக்டரே சொன்னார்.

பிறகு அவள் எடுக்க ஆரம்பித்தாள். முதலில் வேலை போனது. காயத்துக்கு ஐஸ் வைக்கிற நான்தான் அவனுடைய பழைய காயத்தை மறைத்து ஆடவைத்தேன் என்று பெரிய கோச் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். பசங்கள் வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் படிப்பு முடிய வேண்டுமே. அந்தப் பேச்சு பரவி, வேறு எந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்கவில்லை. ஊரிலும் விடவில்லை. என் மனைவி கொண்டுபோன பொங்கல் பானையைக் கோயிலுக்கு வெளியே வைத்தார்கள். அன்று அவள் அழுத அழுகையை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

நடந்ததைத் தேசிங்கு சொல்வான் என்று காத்திருந்தேன். அவனுக்கு அந்த நாளே நினைவில்லை. எனக்குப் போன் செய்தது, நான் தூக்கிக்கொண்டு ஓடியது எதுவுமே இல்லை. பெரிய கோச் சொன்னதை அவன் அம்மா நம்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்து, "எம்புள்ளைய கொல்லப் பாத்தியேடா பாவி" என்றாள். அவள் கையை விலக்காமல் நின்றேன். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்னவன் நான்தானே.

இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறேன். கோயிலுக்குள் போக முடியாததால், வேலைக்குப் போகும்போது எல்லைக் கல்லில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகிறேன். முன்பு வேண்டிய வேலையை இப்போது அம்மனிடம் கேட்பதில்லை. பெரிய கோச்சை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பொன்னேரி மார்க்கெட்டில் தேசிங்கைப் பார்த்தேன். அம்மாவின் எறாக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. காறித் துப்பிவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தள்ளாட்டம் இல்லை. கூட்டத்தில் யார் மேலும் இடிக்காமல் விறுவிறுவென்று நடந்தான். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சொந்தங்களே, ஓர் உயிருக்காகக் கேட்கும் நாள் உங்களுக்கும் வந்தால், தயங்காமல் அவளிடம் கேளுங்கள். நிச்சயம் கொடுப்பாள். அப்புறம் அவள் எதை எடுத்தாலும், கையைப் பிடித்துத் தடுக்காமல் விட்டுவிடுங்கள்.