ராஜியில் முடிந்த வழக்கும் நாங்கள் அணைத்த சூடமும்

அப்போதெல்லாம் எனக்கு வாய் நீளம், புத்தி கட்டை. தென்காசியில் ஒரு மரக்கடையில் தடி அளந்து கொடுக்கிற வேலை. ஆனால் மனசு முழுக்க சடுகுடுதான். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் போகிற ரோட்டில் தென்னந்தட்டி கட்டி மறைத்த மைதானத்தில் ஒரு மாதம் லீக் ஆட்டம் நடக்கும். ஊரெல்லாம் அருவிக்கு ஓடும், ஆட்டம் பார்க்கிற பைத்தியம் பிடித்த நாங்கள் பதினாலு பேர் அங்கே ஓடுவோம்.

எங்கள் டீமில் எதிராளி பக்கம் பாடிப் போகிறவர் வடகரைக்காரர். வயல் வேலை செய்கிற மனுசர், முப்பதைத் தாண்டியவர். அடித்தொண்டையில் ‘சடுகுடு சடுகுடு’ என்று இறங்கினால், நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் அந்தச் சத்தம் அறாது. கோட்டைத் தொட்ட பிறகுதான் மூச்சு விடுவார். “அவரு தும்முனா இவனுக்குல்லா சளி புடிக்கி” என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும், எனக்கென்ன.

ஒரு வருடம் அவரும் இன்னும் நாலு பேரும் புளியறை தாண்டி மலையாளத்துப் பக்கம் ஒரு போட்டியில் ஆடிவிட்டு வந்தார்கள். முன்கூட்டிக் கேட்கவில்லை என்று லீக் நடத்துகிற சங்கம் ஐந்து பேரையும் இனி ஆடவே கூடாது என்று தள்ளிவைத்தது. அவர்கள் தென்காசி கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள்.

விடுவேனா நான்? பதினாலு பேரையும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அருவியில் குளித்து, ஈர வேட்டியோடு கோயில் வாசலில் சூடம் கொளுத்தி, ஆளுக்கொரு தடவை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். “கேஸ்ல அவங்க ஜெயிச்சு வருத வரைக்கும் அந்த கிரவுண்டை மிதிக்க மாட்டோம்.” வார்த்தை என்னுடையதுதான். அவருக்குத் தெரிந்தால் மனசு பாரமாகிவிடும், சொல்லக் கூடாது என்றதும் நான்தான்.

இரண்டு சாரல் போனது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு கோர்ட்டு வாசலில் போய் நின்றேன். அவர் வண்டியை விட்டு இறங்கும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

மூன்றாவது சாரலுக்குக் கொஞ்சம் முன்னால் ராஜியாகிவிட்டது. கேட்காமல் போய் ஆடியதற்கு வருத்தம் தெரிவித்து இவர்கள் ஐந்து பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், சங்கம் தடையை எடுத்துவிடும். எங்களில் ஒருத்தன் வக்கீல் குமாஸ்தா. அவன்தான் வெளியே வந்து சொன்னான். அவர் படியிறங்கி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். என் பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டான்லே” என்று அன்றைக்கு நான் பேசின பேச்சு கொஞ்ச நஞ்சமில்லை. அதுவரை அவரை ‘அவன்’ என்று சொன்னதே கிடையாது.

ஆட்டத்து நாள் வந்தது. குமாஸ்தா சொன்னான்: “ராஜின்னா ஜெயமும் இல்ல, தோல்வியும் இல்லடே. மஞ்சத் துணியில காசு முடிஞ்சு உண்டியல்ல போட்டுட்டு உள்ள போவோம். சாமி கோவிக்காது.”

“சூடம் அணைச்சது வெளையாட்டால? சாமி கண்ணைக் குத்திரும்” என்றேன் நான். சாமியைச் சொன்னேனே ஒழிய, உள்ளே இருந்தது முழுக்க என் வீம்புதான். அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வீட்டிலும் இருக்க முடியவில்லை. சாரலில் நனைந்துகொண்டு பதினாலு பேரும் தட்டிக்கு வெளியே ரோட்டில் நின்றோம். கூட்டம் குறைவுதான், உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. விசில். பிறகு அந்தச் சத்தம். ‘சடுகுடு சடுகுடு சடுகுடு.’ இரண்டு சாரல் தாண்டிக் கேட்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓரிடத்தில் அது நசுங்கி, முனகலாகித் தேய்ந்தது. பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னையறியாமல் என் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். மறுபடி சத்தம் எழுந்தது, கோட்டுப் பக்கம் நகர்ந்தது, விசில் கேட்டது. “நாலு பேரு அவுட்டு!” என்று உள்ளே யாரோ கத்தினார்கள். தட்டியில் ஒரு ஓலையை விலக்கினால் போதும், பார்த்திருக்கலாம். நான் விலக்கவில்லை. என்னைப் பார்த்து மற்றவர்களும் விலக்கவில்லை.

ஆட்டம் முடிந்து அவர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். முட்டியில் துணிக்கட்டு, உடம்பெல்லாம் செம்மண். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏலே, இங்கனயா நின்னிய? உள்ள ஒவ்வொரு மூலையாப் பாத்தேனே.”

குமாஸ்தாதான் மென்று விழுங்கி, சூடம் அணைத்த கதையைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கேஸ் ஜெயிச்சிருக்கும்னுதான் வக்கீலும் சொன்னாரு. இன்னும் ரெண்டு வருசம் ஆகும்னாரு. இந்த முட்டி இந்தச் சாரலைத் தாண்டாது தம்பி. ஒரு தடவையாவது ஒங்க முன்னால ஆடிரணும்னுதான் அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டேன்.”

“அண்ணாச்சி” என்றேன். அவர் என் தோளில் கை ஊன்றி ரோட்டுக்கு இறங்கி, வடகரைப் பக்கம் போகிற வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன்னே காசு முடிந்து உண்டியலில் போட்டேன். சாயந்தரம் முதல் ஆளாக மைதானத்துக்குள் போய் உட்கார்ந்தேன். முட்டி வீங்கி அவர் வரவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். பிறகு அவர் ஆடவே இல்லை.

சாமி என் கண்ணைக் குத்தவில்லை. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். அவருடைய கடைசி ஆட்டத்தை மட்டும் இந்தக் கண்ணால் நான் பார்க்கவில்லை.