கார்ட்டூமில் கேட்ட வெடி

எங்கள் காலனியில் சாவு விழுந்தால் வெடி போடுவோம். பிணம் வாசலை விட்டுக் கிளம்பியதிலிருந்து சுடுகாடு போய்ச் சேரும்வரை தெரு நெடுக வெடித்துக்கொண்டே போவோம். அந்தச் சத்தம் கேட்டால் உத்திரமேரூர்ப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரம் நிற்பார்கள். செத்தவன் ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் நிற்பார்கள். என் அக்கா புருஷனை சூடான் நாட்டுத் தலைநகரத்தில் கொன்றது இந்தப் பழக்கம்தான். துப்பாக்கிதானே கொன்றது என்று கேட்பீர்கள். இரண்டும் சேர்ந்துதான் கொன்றன.

மாமா வாலாஜாபாத்தில் ரைஸ் மில் ஃபிட்டர். ஏஜெண்ட் பிடித்து கார்ட்டூமில் ஒரு மாவு மில்லுக்கு வேலைக்குப் போனார். பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். மெஷின் எந்த ஊரில் ஓடினாலும் மெஷின்தான், பெல்ட் அறுந்தால் ஒரே மாதிரிதான் அறும் என்பார். வெள்ளிக்கிழமை லீவில் பாலத்துக்குக் கூட்டிப்போவார். ஒரு பக்கம் வெள்ளை நைல், இன்னொரு பக்கம் நீல நைல், இரண்டும் அங்கேதான் ஒன்றாகச் சேருகின்றன. "நம்ம பாலாத்துல மழக்காலத்துல கூட இதுல ஒரு சொம்பு வராதுடா" என்று வயிறு எரிவார். வேப்பமரத்து நிழலில் பெண்கள் சின்ன முக்காலி போட்டு டீ விற்பார்கள். கிராம்பு போட்ட டீ. அதைக் குடித்துவிட்டு நானும் மாமாவும் பெரிய மனிதர்கள் போல ஊரை வேடிக்கை பார்ப்போம்.

ஊரின் கதையை எங்களுக்குச் சொன்னவர் மில் வாட்ச்மேன். மேற்கே எங்கோ அவருடைய கிராமத்தைக் கொளுத்திவிட்டதால் தலைநகரத்தின் விளிம்பில் மண் குடிசை போட்டுப் பிழைத்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நாட்டுக் கலகக்காரர்கள் ஊரை மாதக்கணக்கில் வளைத்துப் பட்டினி போட்டு, உள்ளே புகுந்து, வெள்ளைக்கார கவர்னரின் தலையை வெட்டினார்களாம். பழி வாங்க வெள்ளைக்காரன் மெஷின் துப்பாக்கியோடு திரும்பி வந்து, ஈட்டியோடு ஓடி வந்தவர்களைக் கும்பல் கும்பலாகச் சுட்டுத் தள்ளினானாம். அப்புறம் அந்த இடிபாட்டின் மேலேயே தன் கொடியில் உள்ள கோடுகள் மாதிரி தெரு போட்டானாம். "அந்தத் தெருவில் எங்களுக்கு எப்போதும் இடம் இல்லை" என்றார் வாட்ச்மேன். மாமா சிரித்தார். ஓலையைக் குடத்தில் போட்டு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் என்று எங்கள் ஊரைப் பாடப்புத்தகத்தில் போட்டுப் பீற்றிக்கொள்கிறார்கள். அந்தக் குடத்தில் எங்கள் தெருவுக்கு ஓலை கிடையாது. மாமா இதை அரைகுறை அரபியில் சொன்னதும் வாட்ச்மேன் அவர் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து நான் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் "மாமா" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அது நோன்பு மாதத்தின் கடைசி. சனிக்கிழமை காலை. மில்லுக்குள்ளேயே இருந்த எங்கள் அறை வாசலில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பட பட பட என்று கேட்டது. நடுவே பெரிதாக ஒன்று, பிறகு மறுபடியும் படபடப்பு. சரவெடியும் நாட்டு வெடியும் மாற்றி மாற்றிப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

"இன்னா மாமா சத்தம்?"

"யாரோ பெரிய ஆளு பூட்டான் போல கீதுடா. வெடி போட்டுக்கினு வர்றானுங்க."

அந்த ஊரில் எத்தனையோ சாவு பார்த்திருந்தோம். வெள்ளைத் துணியில் சுற்றி, சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். வெடியே கிடையாது. அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய காது, கேட்டதும் காலைக் கிளப்பிவிடுகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். செருப்பை உள்பக்கம் விட்டார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றார். வாட்ச்மேன் கத்திக்கொண்டே ஓடினார். அதற்குள் துப்பாக்கி பொருத்திய வண்டி ஒன்று திரும்பியது. அதிலிருந்தவர்கள் கையில் துண்டோடு நின்ற ஒருவரைப் பார்த்தார்கள், சுட்டார்கள், போய்விட்டார்கள். வண்டியின் வேகம்கூடக் குறையவில்லை.

வயிற்றில் பட்டிருந்தது. நானும் வாட்ச்மேனும் காலைப் பிடித்து உள்ளே இழுத்தோம். மாவு மூட்டைகளை அடுக்கி அதன் பின்னால் படுக்க வைத்தோம். வெளியே இரண்டு தளபதிகளின் ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கூட்டு சேர்ந்து ஆட்சியைப் பிடித்தவர்கள்தான், பங்கு பிரிப்பதில் தகராறு. அதற்கு என் மாமாவின் குடல். மேலே விமானம் தாழப் பறந்து குண்டு போட்டது. தண்ணீர்த் தொட்டி ஓட்டையாகி முற்றமெல்லாம் தண்ணீர். வாட்ச்மேன் போட்ட போனை ஒரு ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை. துண்டை அழுத்திப் பிடித்திருந்தேன், அது ஊறி என் முழங்கை வழியாகச் சொட்டியது.

மதியம் மாமா கண்ணைத் திறந்தார். வெளியே இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

"யார்டா பூட்டது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை நின்றுவிட்டது. அந்தக் கேள்வி என் மேல் விழுந்து கிடந்தது.

ரோட்டில் பிணங்களை நாய் இழுத்தது. அதனால் மில்லுக்குள்ளேயே, முற்றத்தில் இருந்த வேப்பமரத்தின் கீழ் வாட்ச்மேன் குழி வெட்டினார். "இது உங்கள் நாட்டிலிருந்து வந்த மரம்தான்" என்று சொல்லி ஒரு கொத்து ஒடித்து மாமாவின் மேல் வைத்தார். மறுநாள் துப்பாக்கிக்காரர்கள் கேட்டை உடைத்து மூட்டை, மோட்டார், எங்கள் போன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தடுக்கப் போன வாட்ச்மேனின் பல் உடைந்தது. அப்புறம் பஸ், துறைமுகம், கப்பல், விமானம். துறைமுகத்தில் யாரிடமோ போன் வாங்கி அக்காவிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்தபோது அக்கா கேட்டாள். "கடைசியா அவரு இன்னாடா சொன்னாரு?"

சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"சொல்றதுக்குள்ள பூட்டாரு."

பிணம் இல்லை. போட்டோவை நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். மேளம் வந்தது. வெடி மட்டும் வேண்டாம் என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள், என் முகத்தைப் பார்த்துத்தான். அக்கா வெளியே வந்தாள்.

"போடுங்கடா! எவன் எவனுக்கோ போட்ட வெடியில பூட்டாரு. அவருக்குன்னு ஒண்ணாவது போடுங்கடா."

முதல் வெடி வெடித்ததும் நான் தெருமுனைச் சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் விழுந்து கிடந்தேன். காதைப் பொத்தியும் சத்தம் விடவில்லை. வாயில் மண். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் ஜனங்கள் வெளியே வந்து செருப்பைக் கழற்றுவது தரையோடு தரையாகத் தெரிந்தது. "உள்ள போங்க! எல்லாம் உள்ள போங்க!" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் போகவில்லை. வெறுங்காலோடு அப்படியே நின்றார்கள்.

மெயின் ரோட்டில் போன யாரோ ஒருவர் சத்தம் கேட்டு பைக்கை ஓரம் கட்டினார். வெளியூர்க்காரர், முன்பின் பார்த்ததில்லை. செருப்பை விட்டார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கீழே கிடந்த என்னைக் குடித்திருப்பவன் என்று நினைத்திருப்பார்.

"யாருப்பா பூட்டது?" என்றார்.

டேங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன்.

"எங்க மாமாங்க" என்றேன்.